அச்சேறிய பேய்

2005 ஆகஸ்டு 29இல் கத்ரீனாப் புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கிற்று. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. வண்டியுடையோர் முன்பே வெளியேறினர்; வசதியற்றோர், பெரும்பாலும் கருப்பின மக்கள், சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்தனர்.

ஆமையென நகர்ந்த அரசை ஏடுகள் சாடின. சாடட்டும், தகும்! ஆனால் அதே ஏடுகளும் தொலைக்காட்சியும் தீட்டிய மற்றொரு சித்திரம் யாது? அரங்கினுள்ளே கொலையாம், வன்புணர்ச்சியாம், பிணக்குவியலாம்! கண்டவர் எவர்? கேட்டவர் சொன்னார், சொன்னதை மேயரே தொலைக்காட்சியில் வழிமொழிந்தார். பேய் கண்டேன் என்பவனைச் சான்று கேட்டு மடக்கும் நாம், அச்சேறி வந்த பேயை மட்டும் கும்பிடலாமோ? கையாலாகாத ஆட்சிக்கு இதனினும் நல்ல கவசம் வாய்க்குமோ?

கடையுடைப்பு நடந்ததுண்டு, பசித்தவன் ரொட்டி எடுத்ததும் அதில் அடக்கம். அதைத் தடுக்கவென ஆகஸ்டு 31இல், மீட்புப் பணியிலிருந்த ஏறத்தாழ 1,500 காவலரை மேயர் திருப்பியழைத்தார். கூரைகளின் மீது மக்கள் கையசைத்து நின்ற நேரம் அது! செப்டம்பர் 4இல் டான்சிகர் பாலத்தில் ஆயுதமற்ற இருவரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். மாத இறுதியிலேதான் ஏடுகள் திருத்தம் வெளியிட்டன: அரங்கில் கிடைத்த உடல்கள் 6, கொலையுண்டவர் ஒருவருமிலர்.