ஒரே அச்சுப் படகு

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தேனி ரோடு. நாகமலை புதுக்கோட்டையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அரசுக் கணக்கில் அது தேசிய நெடுஞ்சாலை 85. கொச்சியில் தொடங்கி, மூணாறு ஏறி, போடி, தேனி, உசிலம்பட்டி வழியாக எங்கள் ஊரைத் தொட்டு, மதுரையைக் கடந்து, சிவகங்கை, திருவாடானை என்று போய்த் தொண்டியில் முடிகிறது. இரண்டு முனையிலும் கடல். நடுவில் நாங்கள், கண்மாயில் தண்ணீர் நின்றாலே வண்டியை நிறுத்திப் பார்க்கிறவர்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பந்தயப் படகு வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்க ஓட்டுவ? நம்ம கண்மாயிலயா?"

"இல்லப்பா. சென்னைத் துறைமுகத்துல."

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நண்பன் இழுத்துப்போய்ப் பாய்மரப் படகு வகுப்பில் சேர்த்துவிட்டான். பல ஞாயிற்றுக்கிழமைகள் கவிழ்ந்து எழுந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தால் தெரிந்துகொள்ளப் பழகினேன். கொரோனாவுக்குப் பிறகு லேப்டாப்போடு ஊருக்கே வந்துவிட்டேன். ஆனாலும் மாதம் ஒருமுறை வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, எழும்பூரில் இறங்குவதை விடவில்லை. இரவல் படகில் பழகலாம். தொடர்ந்து பந்தயத்தில் நிற்க வேண்டுமென்றால் சொந்தப் படகு இருந்தால்தான் சரிப்படும். பழைய லேசர் படகு ஒன்று விலைக்கு வந்திருந்தது.

போனில் படங்களைக் காட்டினேன். ஒரு படத்தில் பத்துப் படகுகள் வரிசையாக நின்றன.

"எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கே?"

"ஒண்ணுபோலத்தான் இருக்கணும்பா. அதான் ரூல்."

"அப்ப எல்லார்ட்டயும் இருக்குறதையே காசு குடுத்து வாங்கி, அவங்ககூடவே போட்டி போடப்போற. இதுல நீ என்னத்த ஜெயிக்கிற?"

பதில் வரவில்லை. பல மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

*

அப்பாவுக்குத் தெரிந்த பந்தயம் மாட்டுவண்டிப் பந்தயம். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுவார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டால் அது பந்தயமே ஆகாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே பிரிவுக்குள்ளும், எந்த மாட்டை என்ன விலைக்குப் பிடித்தாய் என்பது இருக்கிறது. சாரதி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதிப் பந்தயம் சந்தையிலேயே முடிந்துவிடும்.

படகுப் பந்தயமும் அப்படித்தான் இருந்தது. போன வருடம் ஜெயித்த படகைத் தோற்கடிக்க ஒருவர் இந்த வருடம் புதிதாகக் கட்டுவார். அதைத் தோற்கடிக்க இன்னொருவர் அடுத்த வருடம் கட்டுவார். பணம் தீர்ந்தவர் கரையில் நிற்பார். 1887-ல் அயர்லாந்தில் டப்ளின் பக்கத்தில் சிலர் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். எல்லோரும் ஒரே வரைபடத்தில் கட்டிய சிறு படகையே ஓட்டுவது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அந்தப் படகுக்கு 'வாட்டர் வேக்' என்று பெயர். 'ஒன் டிசைன்' என்கிற ஒரே அச்சுப் படகுப் பந்தயம் அங்கேதான் தொடங்குகிறது. டப்ளினில் அந்தப் பந்தயம் இன்றும் நடக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. வெவ்வேறு வகைப் படகுகளை ஒன்றாக ஓடவிட்டு, வகைக்கு ஒரு எண் கொடுத்து, எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் சரிக்கட்டுவது. பிரிட்டனில் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். லேசருக்குச் சுமார் 1100. சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்டுக்கு 1600-க்கு மேல். எண் கூடக்கூட மெதுவான படகு என்று பொருள். கணக்கு நியாயமானதுதான். ஆனால் முதலில் கோட்டைத் தாண்டியவர் ஜெயித்தாரா என்பது கரைக்கு வந்து கால்குலேட்டரைத் தட்டினால்தான் தெரியும். ஒன் டிசைனில் முந்தியவர் முந்தியவர்தான். தோற்றவனுக்குப் படகின் மேல் பழிபோட வழியில்லை.

லேசரின் கதை 1969-ல் கனடாவில் ஒரு போன் பேச்சில் தொடங்கியது. காரின் மேலே கட்டி எடுத்துப்போகிற மாதிரி ஒரு சின்னப் படகு வேண்டும் என்று இயன் புரூஸ் கேட்க, பேசிக்கொண்டே புரூஸ் கிர்பி காகிதத்தில் கிறுக்கியதுதான் அது. 4.2 மீட்டர் நீளம், 60 கிலோவுக்குள் எடை, ஒரு ஆள், ஒரு பாய். 1971-ல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் அதே அச்சில் செய்திருக்கிறார்கள். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2019-ல் பெயரை இல்கா என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் லேசர்தான்.

இதன் விதிப்புத்தகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதைச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்யலாம், எழுதாததெல்லாம் தடை. ஃபயர்வாலை நாங்கள் அப்படித்தான் அமைப்போம். படகை இழைத்து வழவழப்பாக்கக் கூடாது, எடையைக் குறைக்கக் கூடாது. பணத்தால் வாங்கக்கூடிய வேகத்தை எல்லோருமாகச் சேர்ந்து விட்டுக்கொடுக்கிறார்கள். மிச்சமிருப்பது காற்று, அலை, ஆள்.

விலை விசாரிக்கப் போனபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "எது நல்ல படகுன்னு பாக்காதீங்க தம்பி. இங்க எது பத்துப் பேர்ட்ட இருக்கோ அதை வாங்குங்க." யாரிடமும் இல்லாத அதிவேகப் படகை வாங்கினால் எப்போதும் நான்தான் முதல், நான்தான் கடைசி. அப்பாவின் கேள்விக்கு முதல் பதில் எனக்கு அங்கே கிடைத்தது. எல்லோரிடமும் இருக்கிறது என்பதற்காகத்தான் அதற்கு விலை.

*

இந்த நியாயம் எனக்குப் பிடித்துப்போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அலுவலகத்தில் புதிதாகப் படித்துவிட்டு வருகிறவர்களை வேலைக்கு எடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். முதல் கட்டம் இணையவழித் தேர்வு. 90 நிமிடம், மூன்று நிரல். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே திரை. உசிலம்பட்டியைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியில் படித்த பெண் எழுதினாள். முதல் நிரலை நான் எழுதியிருப்பதைவிடச் சுத்தமாக எழுதியிருந்தாள். இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவதைத் தொடவில்லை. மறுநாள் மின்னஞ்சல் வந்தது. வீட்டில் நெட் இல்லை, அண்ணனின் போன் ஹாட்ஸ்பாட்டில் எழுதினேன், இரண்டு முறை அறுந்துவிட்டது, இன்னொரு வாய்ப்புத் தர முடியுமா சார் என்று கேட்டிருந்தாள்.

மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே நேரம். ஒருவருக்கு மட்டும் மாற்றினால் மற்றவர்களுக்கு அநியாயம். எழுதியதை நான் நம்பினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நிம்மதியாகத் தூங்கியதுதான் இப்போது உறுத்துகிறது.

அதை எனக்குக் காட்டியது படகுதான். விலைக்கு வந்த லேசரில் இருந்தது பெரிய பாய், 7 சதுர மீட்டர். என் எடை 62 கிலோ. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் பாயை என்னால் பிடிக்க முடியவில்லை. உடம்பை எவ்வளவு வெளியே சாய்த்தாலும் படகு என்னையும் தூக்கிக்கொண்டு கவிழும். 80 கிலோ ஆள் அதே படகில், அதே காற்றில் சிரித்துக்கொண்டே போவார். பெரியவர் சொன்னார்: "ஒங்க எடைக்குச் சின்னப் பாய்தான் சரி. 5.7 போடுங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல."

ஆனால் வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் எனக்குப் பழக்கமானது. நான் பிளஸ் டூ முடித்தது 2007-ல். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு எடுக்கப்பட்ட முதல் வருடம். பள்ளி மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் சேர்ந்து எனக்கு இடம் வாங்கித் தந்தன. ஹாஸ்டலில் முதல் வாரம் ஒருவன் சாதாரணமாகக் கேட்டான், "கோட்டாவா?" இல்லை என்று பொய் சொன்னேன். பிறகு நான்கு வருடம் அந்தப் பொய்க்கு ஈடுகட்டப் படித்தேன். அந்தக் கேள்வியின் குரல்தான் 'சின்னப் பாய்' என்பதில் எனக்குக் கேட்டிருக்கிறது. பிறகு பதவிக்கு வந்ததும், ஒரே தேர்வு என்று அதே குரலில் இன்னொருத்திக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

விதிகளில் இவ்வளவு கறாராக இருக்கும் லேசரே, உடம்புகள் ஒன்றுபோல இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. ஒரே படகு, மூன்று பாய்: 4.7, 5.7, 7. 2022-ல் நடந்திருக்க வேண்டிய ஆசிய விளையாட்டு 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்தபோது, நேஹா தாக்கூர் வெள்ளி வாங்கியது ஆகச் சின்னப் பாயில். விஷ்ணு சரவணன் வெண்கலம் வாங்கியது ஆகப் பெரிய பாயில். சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், ஓட்டுவது நடுப் பாய். எந்தப் பாய் என்று பார்த்து யாரும் மாலையைச் சிறிதாகக் கட்டுவதில்லை.

இந்த உவமையை அதிக தூரம் இழுக்கவும் கூடாது. பாய் உடம்புக்கானது. சின்னப் பாய்க்காரர்கள் தங்களுக்குள் தனியாகப் போட்டியிடுகிறார்கள். உசிலம்பட்டிப் பெண்ணின் மூளைக்குச் சின்னப் பாய் எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்குக் குறைந்தது தொடக்கக் கோட்டுக்கு வந்து சேரும் வழி. படகு ஒன்றா என்று மட்டும் நான் பார்த்தேன். அதைக் கரைக்கு யார் கொண்டுவந்து தந்தார்கள் என்று பார்க்கவில்லை.

*

ஒலிம்பிக்கில் லேசர் ஓட்டுகிறவர்கள் சொந்தப் படகைக் கொண்டுபோவதில்லை. போட்டி நடத்துகிறவர்களே புதுப் படகுகளைக் கொடுக்கிறார்கள். உச்சியில் சமத்துவம் அவ்வளவு சுத்தம். கீழே வர வர அது கரைகிறது. எங்கள் மாதிரி உள்ளூர்ப் பந்தயத்தில் ஒருவருடைய படகு புதிது. என்னுடையது வெயில் தின்று தின்று விறைப்பு போனது. பாயும் துவண்டுவிட்டது. காகிதத்தில் இரண்டும் ஒரே அச்சு. இன்னும் கீழே, சேர வேண்டும் என்று நினைக்கிற பையனுக்குப் படகே இல்லை. யாருக்குச் சமத்துவம் ஆகக் குறைவாகத் தேவையோ அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கிறது. நம் பொதுத்தேர்வுகளும் அப்படித்தான். கடைசி நாளில் ஒரே கேள்வித்தாள். அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடமும் அவரவர் பாடு.

சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் தொடங்கியவர் அப்போதைய துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த வருடம் அதே துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் வைத்த எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். பெயர் ராமானுஜன். அவருடைய கணக்குகளைக் கவனித்து, வழி திறக்க உதவியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். தேர்வின் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்று அவர் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. விதிப்படி அது சரியாகவே இருந்திருக்கும்.

நேஹா தாக்கூர் விவசாயி மகள். கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தில், போபால் ஏரியில், அரசு நடத்தும் பயிற்சி மையத்தில் பழகியவர். விஷ்ணு சரவணன் ராணுவத்தில் இருக்கிறார். நம் நாட்டில் இந்த விளையாட்டில் பதக்கம் வாங்கியவர்களில் நிறையப் பேர் ராணுவம், கடற்படை வழியாக வந்தவர்கள்தான். யாரோ ஒருவர் படகைக் கையில் கொடுத்த இடங்கள் அவை.

*

படகை வாங்கிவிட்டேன். பெரிய பாயை விற்றுவிட்டு 5.7 போட்டிருக்கிறேன். முதல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம். படகைக் குறை சொல்ல முடியவில்லை என்பது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. ஒன் டிசைனின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. முன்னைவிடக் கூடியிருக்கிறது. அது ஒரு ஒப்பந்தம் என்று இப்போது தெரிகிறது. உள்ளே இருக்கிறவர்கள் போட்டுக்கொண்டது. ஆகவே வெளியே நிற்கிறவரைப் பற்றி யோசிக்கிற கடமையும் உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான்.

அலுவலகத்தில் வாதாடி, இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து மீண்டும் எழுதலாம் என்று மாற்றினோம். சின்ன மாற்றம். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. பதில் எழுத வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

தொண்டிப் பக்கம் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி என்று கேள்விப்பட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ரோட்டின் கடைசிவரை போனேன். வத்தை என்று சொல்லும் மரப்படகுகள். குறுக்கே நீட்டிய பலகையின் நுனியில் ஆட்கள் உட்கார்ந்து, காற்றுக்கு எதிராகத் தங்கள் எடையைச் சாய்த்துப் படகை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். பல ஞாயிறு செலவழித்து, கட்டணம் கட்டி நான் கற்றது அதைத்தான். கரையில் பத்துப் பதினைந்து பையன்கள் காற்றைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாதி புரிந்தது.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "இந்தப் பயலுக உன் படகுல ஏறுனா?"

"ஒரே மாசம். அப்புறம் என்னைய முந்திருவாங்க."

"அப்ப ஏத்திப் பாக்க வேண்டியதுதான?"

திரும்பும்போது சிவகங்கை வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். எடை 60 கிலோவுக்குள். வேன் மேலே கட்டினால் சென்னையிலிருந்து ஒரே ராத்திரியில் தொண்டி. காரின் மேலே கட்டிக்கொண்டு போவதற்காகத்தானே அதை முதலில் வரைந்தார்கள்.