மறந்தவர் தந்த கல்வி

உளவியல் பட்டம் பயிலும் மாணவர் இன்று மூளையையும் நரம்புகளையும் கற்கின்றனர்; நினைவும் நடத்தையும் அவற்றினின்று எவ்வாறு எழுகின்றன என்பதையும் ஆராய்கின்றனர். அப்பாடத்தில் தவறாது வரும் பெயர் 'எச்.எம்.' என்பது. அவ்விரு எழுத்துகளுக்குப் பின்னே ஒரு மனிதர் வாழ்ந்தார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தவரான ஹென்றி மோலைசன் கடும் வலிப்பு நோயால் வருந்தியவர். 1953-ஆம் ஆண்டில், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர் அவர் மூளையின் இருபுறத்தும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியை அகற்றினார். வலிப்பு தணிந்தது. ஆனால், அதன்பின் நிகழ்ந்தவை அவர் நினைவில் தங்கவில்லை.

பிரெண்டா மில்னர் என்னும் ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவொன்றை வரையுமாறு அவரைப் பணித்தார். மூன்று நாள்களில் கை தேர்ச்சி பெற்றது. முன்பு வரைந்த நினைவோ அவருக்கு இல்லை. நினைவு ஒருவகையன்று, பலவகைத்து என்னும் உண்மை இவ்வாறு துலங்கிற்று.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. ஆய்வுக்கு இசைந்ததையே சிறிது நேரத்தில் மறந்துவிடுபவரின் இசைவு எத்தகையது? 'அவருக்கே நினைவில்லை, பின் அவருக்கு என்ன குறை?' எனச் சிலர் வினவலாம். கடன் கொடுத்தவர் மறந்துவிட்டால் வாங்கியவரின் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. நினைவூட்டிக் கேட்க ஆளில்லாத கடன், வாங்கியவரின் நேர்மை ஒன்றையே நம்பி நிற்கும் அமானிதம்.

மனிதனைக் குறிக்கும் 'இன்ஸான்' என்னும் அரபுச் சொல்லுக்கு இலக்கண அறிஞர் இருவேறு மூலம் கூறுவர். மறதி எனப் பொருள்படும் 'நிஸ்யான்' என்பர் ஒரு சாரார். பழகி நேசித்தல் எனப் பொருள்படும் 'உன்ஸ்' என்பர் மற்றொரு சாரார். ஹென்றியிடம் மறதி எல்லை கடந்து நின்றது; ஆயினும் அவர் இனிய இயல்பினர், இணங்கிப் பழகுபவர் என்றே உடனிருந்து ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். நினைவை இழந்தவர் மனிதத்தை இழந்துவிடவில்லை.

2008-ஆம் ஆண்டில் தமது 82-ஆம் வயதில் அவர் மறைந்த பின்னரே அவருடைய முழுப்பெயர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நம் இல்லத்துப் பிள்ளைகள் இத்துறையைப் பயிலப் புகுந்தால், மூளையின் பகுதிகளை மனனம் செய்வதோடு அப்பெயரையும் மனத்தில் இருத்தட்டும். தாம் செய்த உதவியை அவரால் நினைவில் வைக்க இயலவில்லை. நினைவில் வைக்கும் கடமை, அவரால் அறிவு பெற்றோருக்கே உரியது.