விரலுக்கும் தந்திக்கும் நடுவே

ஐந்து தந்தி பாஞ்சோவை மூன்று விரல் முறையில் வாசிப்பவர் வலது கை விரல்களில், தந்தியை மீட்டுவதற்கான மூன்று பிக்குகளை மாட்டிக்கொள்கிறார். கட்டைவிரலில் பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோகம். மோதிர விரலும் சுண்டுவிரலும் வெறுமையாக வாத்தியத்தின் தோல்மேல் ஊன்றி நிற்கும். எந்த பிக் சரியானது என்று கடையில் கேட்டால் தடிமன், உலோகம், விலை என்று பதில் வரும். அவை தேவையான பதில்கள்தான். ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை. தந்தியில் படுவது உலோகம் என்றால் தொடுகிறவர் யார்? ஒரு கருவி ஒருவருக்குச் சரியாக அமைந்திருக்கிறதா என்பதைக் கருவியைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா? முடியாதென்றால் அது வெறும் விருப்பத்தின் விஷயமா? உடலுக்கும் பொருளுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்ற பழைய தத்துவ வழக்கு, அரை மில்லிமீட்டர் தகட்டின்மேல் வந்து நிற்கிறது.

இங்கே பேசப்படும் பாஞ்சோ, இந்தியாவில் அதே பெயரால் பலர் குறிப்பிடும் புல்புல் தரங்க் அல்ல. கட்டைகளை அழுத்தி வாசிக்கும் அந்த வாத்தியம் வேறு. அமெரிக்க பாஞ்சோவில் வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டப்பட்டு, அதன்மேல் ஏறத்தாழ இரண்டு கிராம் எடையுள்ள மரக்குதிரை நிற்கிறது. கன்றுத்தோல் இருந்த இடத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து பிளாஸ்டிக் படலம் வந்துவிட்டது. மெல்லிய தோல் தந்தியின் ஆற்றலை விரைவாக வாங்கி ஒலியாக வெளியே தள்ளிவிடுவதால் சுரம் ஓங்கி எழுந்து உடனே மங்கிவிடும். கிட்டாரில் மீட்டிய பிறகும் சுரம் நின்று ஒலிக்கும். பாஞ்சோவில் காதுக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு, மீட்டிய அந்தக் கணம். ஆகவே தந்தியைத் தொடும் பொருள் எது, அதன் விளிம்பு எப்படிப்பட்டது என்பதற்கு மற்ற வாத்தியங்களைவிட இங்கே மதிப்பு அதிகம். சதை அகலமாகவும் மென்மையாகவும் தொடும். மேற்சுரங்கள் எழும் முன்பே அடங்கிவிடும். உலோகத்தின் குறுகிய, கடினமான விளிம்பு அவற்றை எழுப்பிவிடும்.

இந்த வாத்தியம் முதலில் உலோகத்தை அறியாது. அதன் முன்னோர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங், சுரைக்குடுக்கையும் மூன்று தந்திகளும் கொண்டது. விரல் நகத்தால் கீழ்நோக்கித் தட்டியே அதை வாசிக்கிறார்கள். அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்தக் கைப்பழக்கத்தைக் கரீபியத் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டுவந்தார்கள். ஜமைக்காவில் அவர்கள் வாசித்த குடுக்கை வாத்தியங்களின் படத்தை மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் 1707-இல் வெளியிட்ட நூலில் காணலாம். நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் அந்த முறை இன்றும் கிளாஹாமர் என்ற பெயரில் அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலும் பிற இடங்களிலும் வாழ்கிறது. விரல்களால் மேல்நோக்கி இழுத்து வாசிக்கும் முறை பின்னால் பரவியது. நரம்புத் தந்திகள் போய் எஃகுத் தந்திகள் வந்தபோது நகம் தேய்ந்தது, சதை வலித்தது, பெரிய அரங்கில் ஒலி போதவில்லை. விரலுக்கு உலோகம் தேவைப்பட்டது.

அந்த உலோகத்தை உலகம் கேட்கவைத்தவர் வட கரோலைனா மாநிலத்தின் ஷெல்பி அருகே 1924-இல் பிறந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ். மூன்று விரல் முறையை அவர் உருவாக்கவில்லை. ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்ற மூத்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே அப்படி வாசித்து வந்தார்கள். 1945 டிசம்பரில் பில் மன்றோவின் இசைக்குழுவில் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தபின் அது புளூகிராஸ் என்ற அமெரிக்க இசை வகையின் குரலாகவே மாறிவிட்டது.

உலோக பிக் இரண்டு பகுதிகள் கொண்டது: விரலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை, நகத்துக்கு எதிர்ப்பக்கமாக விரலின் சதைப்புறத்தில் நீளும் நாக்கு. ஜெர்மன் சில்வர், பித்தளை, துருப்பிடிக்காத எஃகு ஆகியவை வழக்கமான உலோகங்கள். தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் சொல்வார்கள். 0.013 அங்குலம் மெல்லியது, 0.025 தடித்தது; அதாவது 0.33 மி.மீ. முதல் 0.64 மி.மீ. வரை. பாஞ்சோவின் முதல் தந்தியே ஏறத்தாழ 0.25 மி.மீ.தான். நடுத்தர பிக் ஒன்றின் தகடு தந்தியைப்போல் இரு மடங்கு தடிமன். மெல்லிய தகடு விரலுக்கு எளிதில் படியும், ஆனால் ஓங்கி வாசித்தால் வளைந்துபோகும். தடித்தது வடிவம் மாறாமல் நின்று முழுமையான ஒலி தரும். அதை விரலுக்குப் படியவைக்கப் பாடுபட வேண்டும்.

வாங்கிய பிக் அப்படியே பொருந்திவிடுவது அரிது. பட்டையின் இரண்டு சிறகுகளையும் விரலாலோ குறட்டாலோ கொஞ்சம் கொஞ்சமாக நெரிக்க வேண்டும். இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும். தளர்த்தினால் வேகமான பாட்டின் நடுவே பிக் கழன்று விழும். நாக்கை விரல் நுனியின் வளைவை ஒட்டி வளைக்க வேண்டும். அளவுக்கு மீறி வளைத்தால் தந்தியில் வழுக்கும், நேராக விட்டால் தந்தியில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு நுட்பம் இருக்கிறது. விரல் தந்தியை நேர்குறுக்காகச் சந்திப்பதில்லை, சற்றுச் சாய்ந்துதான் வருகிறது. அந்தச் சாய்வுக்கு ஏற்ப நாக்கை ஒரு பக்கமாகத் திருகாவிட்டால் அதன் ஓரம் தந்தியை உராய்ந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சுரண்டல் கேட்கும். கட்டைவிரல் பிளாஸ்டிக்கை வெந்நீரில் போட்டு இளக்கி, ஆறும்வரை விரலில் பிடித்திருந்து பொருத்துவார்கள். இத்தனைக்கும் பிறகே பிக் அந்த ஒரு கைக்கு உரியதாகிறது.

தொடுகிறவர் யார் என்ற கேள்விக்கு இனி வரலாம். அரிஸ்டாட்டில் உயிரைப் பற்றி எழுதிய நூலின் இரண்டாம் பகுதியில் தொடுவுணர்வை ஆராய்கிறார். சதையின்மேல் ஒரு மெல்லிய படலத்தை இழுத்துக் கட்டினாலும் பொருள் பட்டவுடன் அது தெரிந்துவிடுகிறது. அதனால் படலம்தான் உணர்கிறது என்று ஆகிவிடாது என்கிறார். அங்கிருந்து மேலும் ஒரு படி ஏறி, சதையும் அப்படி ஓர் ஊடகமே, உணரும் இடம் அதற்கும் உள்ளே இருக்கிறது என்கிறார். கேடயத்தின்மேல் அடி விழும்போது கேடயம் முதலில் அடிபட்டுப் பிறகு மனிதர் அடிபடுவதில்லை, இரண்டும் ஒருசேர நிகழ்கின்றன என்பது அவர் காட்டும் சான்று. பிக் அணிந்தவரின் அனுபவமும் இதுவே. பழகிய கைக்கு உலோகத்தின் அழுத்தம் விரலில் தெரிவதில்லை. தந்தியின் இழுவிசை நாக்கின் நுனியில் தெரிகிறது, நரம்பு ஒன்றும் இல்லாத இடத்தில்.

பிக் அணிவதை மறுப்பவர்களின் வாதத்தை இந்த இடத்தில் எடைபோட வேண்டும். வெறுங்கையால் வாசிப்பவர்களில் சிலர், உலோகம் நடுவில் வந்தால் கைக்கும் தந்திக்கும் உள்ள உறவு அறுந்துவிடும் என்கிறார்கள். வீணையிலும் இந்தப் பிரிவு உண்டு: நகத்தால் மீட்டுபவர்களும் இருக்கிறார்கள், விரலில் கம்பி அணிந்து மீட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒலி குறித்த வாதமாக இது மதிக்கத்தக்கது. நகத்தின் ஒலியில் இருக்கும் மென்மையான உருட்சி உலோகத்தில் கிடைக்காது. ஆனால் 'நகம் நான், உலோகம் நானல்ல' என்பது வாதத்தின் அடிப்படையானால் அது நிற்காது. சைவ சித்தாந்தம் உடலையும் புலன்களையும் மாயையிலிருந்து உயிருக்குத் தரப்பட்ட தனு (உடல்), கரணங்கள் (கருவிகள்) என்று கொள்கிறது. விரலும் நகமும்கூட உயிருக்கு வாய்த்த கருவிகளே. இந்தப் பார்வையில் உணர்பவருக்கும் உலகத்துக்கும் நடுவிலான எல்லை விரல்நுனியில் இல்லை. உலோகம் வந்து அதை மீறுவதும் இல்லை. கிரேக்க மண்ணில் சதை ஊடகம் என்று சொன்னவரும், தமிழ் மண்ணில் உடல் கருவி என்று சொன்னவர்களும் வெவ்வேறு நோக்கங்களோடு பேசினார்கள். ஒருவர் புலனறிவை விளக்க வந்தவர், மற்றவர்கள் உயிரின் விடுதலையைக் கருதியவர்கள். ஆனாலும் வெறுங்கைக்குத் தனிப்பட்ட புனிதம் இல்லை என்பதில் இருவர் சொல்லும் உதவுகிறது.

அப்படியானால் எல்லா பிக்கும் ஒன்றுதானா? இல்லை. பொருந்தாத பிக் ஊடகமாக இருக்க மறுத்து, தானே ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கிறது. தத்துவ அறிஞர் மைக்கேல் போலன்யி 1958-இல் வெளியிட்ட தம் நூலில் இரண்டு வகைக் கவனத்தைப் பிரித்துக் காட்டினார். பியானோ வாசிப்பவர் இசையிலிருந்து கவனத்தைத் திருப்பித் தம் விரல்களின்மேல் வைத்தால் தடுமாறி நின்றுவிடுவார். விரல்களை அவர் அறியாமல் இல்லை. ஆனால் அவற்றின் வழியாக இசையை நோக்கியபடியே அறிகிறார். பார்வையற்றவரின் கைத்தடியை வைத்து பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-பான்ட்டி இதே உண்மையை எழுதிய நூல் 1945-இல் வந்தது, ஸ்க்ரக்ஸ் மன்றோவின் மேடையில் ஏறிய அதே ஆண்டில். ஸ்க்ரக்ஸ் தாமே சொன்ன இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பத்து வயது அளவில், அண்ணனோடு சண்டையிட்டுவிட்டு ஓர் அறையில் தனியே உட்கார்ந்து 'ரூபன்' என்ற பாட்டை எங்கோ நினைவாக வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, தாம் மூன்று விரல்களால் வாசித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தார். கவனம் விலகி நின்றபோதுதான் கை தன் வழியைக் கண்டது.

ஆகவே பிக் தேர்வுக்கு ஒரு விசித்திரமான இலக்கணம் உண்டு. தடிமன், வளைவு, உலோகம் என்று மிகுந்த கவனத்தோடு தேட வேண்டும். தேடுவதோ, பிறகு கவனிக்கவே தேவையில்லாத ஒன்றை. கடையில் நின்று இதை முடிவுசெய்ய இயலாது. புதிய பிக் எல்லாமே முதலில் உறுத்தும். உறுத்தல் பழக்கக் குறைவினாலா, பொருத்தக் குறைவினாலா என்பது சில நாட்கள் வாசித்தபின்தான் பிரியும்.

சரி என்பது பொருளில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. புதிதாகக் கற்பவர்கள் பலர் பிக்கைத் தலைகீழாக, நாக்கு நகத்தின்மேல் வரும்படி மாட்டிக்கொள்கிறார்கள். நகத்துக்கு நீட்சி தேவை என்று பார்த்தால் அதுதான் இயல்பாகத் தோன்றும். மூன்று விரல் முறையில் விரல் உள்நோக்கி இழுப்பதால் அப்படி மாட்டிய நாக்கு தந்தியைத் தொடுவதே இல்லை. ஆனால் கிளாஹாமர் வாசிப்பவர்களில் நகம் தேய்ந்தவர்கள் சிலர் வேண்டுமென்றே அப்படித்தான் மாட்டுகிறார்கள், அவர்கள் விரல் வெளிநோக்கி அடிப்பதால். ஒரே உலோகம், ஒரே விரல், அதே தவறு இன்னொரு செயலில் சரி. இதனால் சரி என்பது அவரவர் விருப்பமாகிவிடாது. மூன்று விரல் முறைக்காரர் எவ்வளவு விரும்பினாலும் தலைகீழ் பிக் அவருக்கு ஒலிக்காது. கை, செயல், பொருள் மூன்றுக்கும் இடையிலான உறவில் சரி இருக்கிறது. உறவு என்பதால் அது உண்மையற்றதாகிவிடுவதில்லை.

இந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் காட்டுவது ஆமை ஓடு. கட்டைவிரல் பிக்குக்கும் கிட்டார் பிக்குக்கும் அழுங்காமையின் ஓடே தலைசிறந்த பொருள் என்று பல கலைஞர்கள் நீண்ட காலம் கருதினார்கள். அது கெரட்டின் வகைப் புரதம். மனித நகமும் அந்த வகையே. தந்தியில் அதன் ஒலி கனிவாக இருக்கும், விளிம்பு வழவழப்பாகத் தேயும். கை அதை எளிதில் மறந்துவிடும். மறதிதான் பொருத்தத்தின் அடையாளம் என்றால் அதுவே சரியான பிக். ஆனால் கையோடு சேர்ந்து மறக்கப்படுவது ஓர் உயிர். அழுங்காமை உலகெங்கும் அழிவின் விளிம்புக்கு வந்ததில் ஓட்டு வணிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உச்சப் பாதுகாப்பு அளித்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் குறித்து 1975-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை அந்தத் தசாப்தத்திலேயே ஓட்டு வணிகத்துக்குத் தடை போட்டது. ஒலியின் பெயரால் கொலையை நியாயப்படுத்த முடியாது என்பதை உணர வாசிப்பு உதவாது. வாசிப்பு நன்றாக அமையும்போது பொருள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. வாசிப்பதற்கு முன்னும் பின்னும், பிக்கைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எழவேண்டிய கேள்வி அது. பாஞ்சோவுக்கே இது பொருந்தும். அடிமைப்பட்ட மனிதர்களின் கைகளில் உருவான வாத்தியம், வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி அவர்களை ஏளனம் செய்த மேடைகள் வழியாகவே 1840களில் பெரும்புகழ் பெற்றது. அதை வாசிக்கும்போது இது நினைவில் இல்லாமல் போகலாம். வாத்தியத்தை அறிந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று ஆமை ஓட்டின் இடத்தில் செல்லுலாய்டும் பிற பிளாஸ்டிக்குகளும், பொறியியல் தேவைக்காக உருவான பாலிஇமைட் வகைப் பொருள்களும் இருக்கின்றன. பாலிஇமைட் பிக் விலை கூடியது, ஆனால் மெதுவாகத் தேயும், தந்தியில் உராயாமல் விலகும். முதல்முறை வாங்குபவருக்கு நடுத்தரத் தடிமனில் இரண்டு உலோக பிக்கும் சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒரு கட்டைவிரல் பிக்கும் போதும். அவற்றைப் பலமுறை வளைத்து, தவறாக வளைத்து, மறுபடி நிமிர்த்திப் பார்க்க அஞ்சக்கூடாது. ஒருமுறை பொருந்திய பிக் என்றைக்கும் பொருந்தும் என்பதும் இல்லை. குளிரில் விரல் மெலிந்தால் பட்டை தளரும், மூட்டு வீங்கினால் இறுகும், முலாம் தேய்ந்தால் சுரண்டல் திரும்பி வரும். அப்போது குறட்டை எடுத்து மறுபடி சரிசெய்ய வேண்டும்.