யார் கொடுத்த பட்டம்?

பட்டம் என்ற சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. ராஜா சூடிக்கொள்வதும் பட்டம். யானையின் நெற்றியில் கட்டுவதும் பட்டம். சர்வகலாசாலை வழங்குவதும் பட்டம். பையன்கள் நூல் கட்டி ஆகாயத்தில் பறக்கவிடுவதும் பட்டம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதில் மட்டும் ஏமாற்று இல்லை. அது வெறும் காகிதம் என்பது விடுகிற பையனுக்கும் தெரியும். பார்க்கிற கிழவருக்கும் தெரியும். காற்று உள்ளவரை பறக்கும். காற்று நின்றால் விழும். மற்றப் பட்டங்களைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். அவை எந்தக் காற்றில் பறக்கின்றன?

இந்தச் சந்தேகத்தை எனக்கு உண்டாக்கியவை சில குட்டி ராஜ்யங்கள். தேசப்படத்தில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. எந்தச் சர்க்காரும் அவற்றை அங்கீகரித்ததில்லை. யாரோ ஒரு மனிதர் தம்முடைய நிலத்தைத் தனி நாடு என்று அறிவித்து, தம்மையே அரசராக்கிக் கொள்கிறார். பிறகு கொடி வருகிறது, தபால் தலை வருகிறது, நாணயம் வருகிறது. இவ்வளவோடு நிற்பதில்லை. பிரபுக்கள் வருகிறார்கள். பிரபுக்கள் வந்த பின் கேடயமும் சிங்கமுமாகக் குலச் சின்னங்கள் வேண்டும். அவற்றை முறைப்படி எழுதிவைக்க ஓர் அதிகார சபையும் வேண்டும்!

இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், இரண்டாவது உலக யுத்தத்தின்போது பகை விமானங்களைச் சுடுவதற்காகக் கட்டிய மேடை ஒன்று கடலில் நிற்கிறது. இரண்டு பருத்த கான்கிரீட் தூண்கள், மேலே ஒரு தளம்; அவ்வளவுதான். 1967-ஆம் ஆண்டில் ராய் பேட்ஸ் என்ற முன்னாள் ராணுவ மேஜர் அதைப் பிடித்து, ஸீலாந்து என்று பெயரிட்டு, தனி அரசாக அறிவித்தார். அந்த அரசில் இன்று 'லார்டு' பட்டம் விலைக்குக் கிடைக்கிறது. பெரிய விலையும் இல்லை. நல்ல ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும் செலவில் பிரபுவாகிவிடலாம்.

இதைக் கேட்டுச் சிரிப்பு வருவது நியாயம். எனக்கும் வந்தது. ஆனால் அடுத்தபடியாக நான் படித்த மனிதருடைய கதை, அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டது.

அவர் பெயர் லெனார்டு காஸ்லி. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்கு வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கோதுமை பயிரிட்டு வந்த விவசாயி. 1969-ல் மாநில சர்க்கார் கோதுமைக்கு ஒதுக்கீடு விதித்தது. அவருடைய நிலத்தில் ஏறத்தாழ 4,000 ஹெக்டேரில் பயிர் அறுவடைக்குத் தயாராக நின்றது. விற்பதற்குக் கிடைத்த அனுமதியோ சுமார் 40 ஹெக்டேரின் விளைச்சலுக்குத்தான். நூற்றில் ஒரு பங்கு! மனுப் போட்டார், வாதாடினார், கவர்னருக்கு எழுதினார். பலன் இல்லை. போதாக்குறைக்கு, விவசாய நிலத்தைச் சர்க்காரே எடுத்துக்கொள்ள வழி செய்யும் மசோதா ஒன்றும் வந்தது. 1970 ஏப்ரல் 21 அன்று தம் நிலம் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்தார். ஹட் நதி அரசு பிறந்தது.

அவர் தம்மை இளவரசர் என்று அழைத்துக்கொண்டதற்குக்கூடக் காரணம் இருந்தது. 1495-ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டம் ஒன்று, நடைமுறையில் அரசனாக இருப்பவனுக்குத் துணை நிற்பவர்களைத் துரோகிகள் என்று தண்டிக்கலாகாது என்கிறது. அந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்குவதற்காகவே கோதுமை விவசாயி முடி சூட்டிக்கொண்டார். இதுவரையில் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

அதற்கு மேல் நடந்ததுதான் சிந்திக்கத் தக்கது. வருஷங்கள் செல்லச் செல்ல, ஹட் நதி அரசில் பட்டங்கள் வழங்கலானார்கள். வீர விருதுகள் ஏற்பட்டன. குலச் சின்னங்களைக் கவனித்துக்கொள்ள ராயல் கழகம் ஒன்றும் அமைந்தது. கோதுமை விற்க வேண்டியவருக்குக் கோமகன்கள் எதற்கு? மூட்டைக்குக் குத்துவதற்கு ஒரு முத்திரை போதாதோ?

இதற்கு விடை தேட, குலச் சின்னம் என்பது எப்படி ஏற்பட்டது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டையொட்டி அது பரவியது. அக்காலத்துப் போர்வீரன் உடல் முழுவதும் இரும்பு. தலைக் கவசம் முகத்தை மறைத்துவிடும். எதிரே வருபவன் நண்பனா பகைவனா என்று எப்படித் தெரியும்? கேடயத்தில் எழுதிய சித்திரம்தான் அடையாளம். அந்தச் சித்திரங்களையெல்லாம் மனப்பாடம் செய்து, "இதோ வருகிறவர் இன்னார்" என்று உரக்கச் சொல்வது கட்டியக்காரனின் உத்தியோகம். நம் தெருக்கூத்தில் திரைக்கு முன்னால் நின்று ராஜா வருகிறார் என்று அறிவிக்கும் கட்டியங்காரனுக்கு அவன் ஒரு விதத்தில் உறவுக்காரன். லண்டனில் இந்தக் கட்டியக்காரர்களுக்கென்று 1484-ல் மூன்றாம் ரிச்சர்டு ஒரு கழகத்தையே ஏற்படுத்திக் கொடுத்தான். அந்த மரபில் வரும் கழகம் இன்றைக்கும் வேலை செய்கிறது.

ஆகவே, சிங்கமும் கழுகும் கேடயத்தில் ஏறியதன் ஆதி காரணம் ஆடம்பரம் அல்ல. முகம் மறைந்துபோன மனிதனுக்கு இன்னொரு முகம் கொடுப்பதுதான்.

இப்போது காஸ்லியைப் பாருங்கள். ஒதுக்கீடு எழுதிய அதிகாரியின் பேரேட்டில் அவர் ஓர் எண். எவ்வளவு மனு எழுதியும் அந்த எண்ணுக்குக் கண்ணும் மூக்கும் முளைக்கவில்லை. அப்படிப்பட்டவர் தமக்கென்று ஒரு சபை அமைத்து, கேடயம் எழுதி, தம்மோடு நின்றவர்களையும் பெயர் சொல்லி அழைத்துப் பட்டம் கட்டியதில் வியப்பென்ன? இரும்புக் கவசத்துக்கு உள்ளிருந்து, "நான் இன்னான்" என்று ஒரு மனிதன் கூவிய குரலாகவே அதை நான் கேட்கிறேன்.

கேட்கிறேனே ஒழிய, அந்தக் குரலுக்கு முழு நியாயம் வழங்க என்னால் முடியவில்லை. 2017-ல் நீதிமன்றம் அவரைச் சுமார் 27 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரிபாக்கி கட்டும்படி தீர்ப்பளித்தது. 2019-ல் தமது 93-வது வயதில் அவர் காலமானார். 2020 ஆகஸ்டில், வரிக் கடனும் கொரோனாவால் பயணிகள் வராமற்போனதும் சேர்ந்து நெருக்க, அவர் மகன் அரசைக் கலைத்துவிட்டார். ஐம்பது வருஷத்து ராஜ்யம் அத்துடன் முடிந்தது. தனக்கு முகம் வேண்டும் என்று கேட்டவர், வரி கட்டிய பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஒரு முகம் உண்டு என்பதை எண்ணியிருக்க வேண்டும். அவர் தந்த பணமும் சேர்ந்துதானே ரஸ்தா போட்டிருக்கிறார்கள்!

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "நிஜ ராஜாக்கள் கொடுத்த பட்டத்தையும் இந்தப் பொம்மைப் பட்டத்தையும் ஒரே தராசில் வைக்கிறீரே, இது என்ன நியாயம்?" என்றார்.

நிஜ ராஜாவையே தராசில் வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னனுக்குப் பணமுடை. அல்ஸ்டர் பிரதேசத்தில் படை நிறுத்த வேண்டும். பொக்கிஷத்தில் காசு இல்லை. 1611-ல் 'பாரனெட்' என்ற புதிய பட்டத்தை உண்டாக்கினான். முப்பது சிப்பாய்களுக்கு மூன்று வருஷச் சம்பளம், அதாவது 1,095 பவுன் கட்டினால் பட்டம் உண்டு. வாங்க ஆள் வந்தார்கள். சில வருஷங்களில் பட்டங்கள் மலிந்தன, விலையும் இறங்கிற்று. ராஜா நிஜம், ராஜ்யம் நிஜம், முத்திரையும் நிஜம். ஆனால் கடலில் நிற்கும் மேடையில் நடக்கும் வியாபாரத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? ஜேம்ஸ் விலை அதிகம் கேட்டான் என்பதுதான்.

ராஜ்யம் நிஜம் என்பதால் மட்டும் பட்டம் நிஜமாகிவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால், ராஜ்யம் பொய்யாக இருந்தும் பட்டம் நிஜமாக இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஓர் உதாரணம் இருக்கிறது.

மேற்கிந்தியத் தீவுகளில் ரெடோண்டா என்று ஒரு பாறைத் தீவு. குடியிருப்போர் கிடையாது, கடற்பறவைகள் உண்டு. ஆன்டிகுவா-பார்புடா நாட்டைச் சேர்ந்தது. அத்தீவுக்குத் தாமே ராஜா என்று எம்.பி. ஷீல் என்ற நாவலாசிரியர் சொல்லிக்கொண்டார். 1947-ல் அவர் இறந்தபின் ஜான் காஸ்வர்த் என்ற கவிஞர் அந்த 'சிம்மாசனத்தில்' ஏறினார். டிலன் தாமஸ், லாரன்ஸ் டரல் போன்ற எழுத்தாளர்களைப் பிரபுக்களாக்கினார். ஆரம்பத்தில் அதில் தோழமையும் ரசனையும் இருந்தன. பிற்பாடு வறுமையும் குடியும் வந்து சேர்ந்தன. லண்டன் மது விடுதிகளில் பட்டங்கள் வாரி இறைபட்டன. அரசுரிமையையே ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு வாக்களித்துவிட்டு, 1970-ல் அவர் இறந்தார்.

அந்தப் பட்டம் 1997-ல் ஸ்பெயின் நாட்டு நாவலாசிரியர் ஹாவியர் மரியாஸிடம் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தாம் மதித்த கலைஞர்களுக்கு அவர்களுடைய படைப்பிலிருந்தே பெயரெடுத்துப் பட்டம் சூட்டினார். 'தலைசுற்றல்' என்ற பொருளில் நூல் எழுதிய ஸெபால்டு, தலைசுற்றலின் கோமகன். 'முந்தைய நாளின் தீவு' எழுதிய உம்பர்ட்டோ எக்கோ, அந்தத் தீவுக்கே கோமகன். கானடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் சிற்றூர்களை வாழ்நாளெல்லாம் எழுதிய ஆலிஸ் மன்றோ, ஒன்டாரியோவின் கோமகள். எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது ஜே.எம். கூட்ஸீக்குக் கிடைத்ததுதான். மானம் இழந்த ஒரு பேராசிரியரின் கதையை எழுதியவர் அவர். ஆகவே அவர் அவமானத்தின் கோமகன்! 2001-ல் சூட்டிய பட்டம். நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது 2003-ல்.

அவமானத்தின் கோமகன் என்ற பட்டத்தைப் பணம் கொடுத்து யார் வாங்குவார்? கடையில் விற்கவும் முடியாது. இன்னொருவருக்குப் பொருந்தவும் பொருந்தாது. அந்தப் புத்தகத்தைப் படித்தவர் மட்டுமே கொடுக்கக்கூடியது. எழுதியவர் மட்டுமே வாங்கக்கூடியது. மரியாஸ் 2022-ல் காலமானார். அவர் ஆண்ட ராஜ்யம் பொய். அவர் செலவிட்ட கவனம் பொய்யல்ல. பழைய கட்டியக்காரன் செய்த காரியத்தை அவரும் செய்தார். முகத்தைப் பார்த்து, இவர் இன்னார் என்று சொன்னார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வேற்றுமை அனுபவத்தில் தெரியும். "தங்கள் நாவல் பிரமாதம், தாங்கள் இலக்கிய வானின் சூரியன்" என்று கடிதம் வரும். அந்தச் சூரியன் அதே தபாலில் வேறு பத்து எழுத்தாளர்கள் வீட்டிலும் உதித்திருப்பான். இன்னொரு கடிதம் வரும்: "பதினேழாம் அத்தியாயத்தில் அந்தப் பாட்டி கதவைப் பூட்டிவிட்டு, நாலு அடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாளே, என் அத்தையும் அப்படித்தான் செய்வாள்." இதில் புகழ்ச்சியே இல்லை. ஆனால் முதல் கடிதத்தை நான் மறந்துவிடுவேன். இரண்டாவதை மேஜை அறையில் வைத்துக்கொள்வேன்.

மரியாஸின் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. ஒரு தனி மனிதர் எத்தனை புத்தகத்தைப் படிக்க முடியும்? அவர் கண்ணில் படாத நல்ல எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். அந்த அநியாயத்துக்கு எந்த ராஜ்யத்திலும் பரிகாரம் இல்லை. ஆனால் யார் கண்ணிலும் படாமல் போகிறவர்களின் தொகையைச் சற்றே குறைக்க ஒவ்வொருவராலும் முடியும். அதற்கு நாட்டைப் பிரகடனம் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்கு அலமாரி செய்து கொடுத்த தச்சரிடம் "பேஷ், பேஷ்" என்று சொல்லி அனுப்புவது ஒரு விதம். கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "இந்தக் கீலை இங்கே வைத்ததனால்தான் கதவு தொங்காமல் நிற்கிறது, இல்லையா?" என்று கேட்பது இன்னொரு விதம். இரண்டாவதற்கு அரை நிமிஷம் கூடுதலாகச் செலவாகும். கேட்ட மாத்திரத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தில் எழுதியிருப்பதைப் பதிவு செய்ய எந்தக் கழகத்தின் ஏடும் வேண்டாம்.