பால்மரத்தின் பனிக்காலம்

தமிழ் மரபு ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றும் வழங்கியது. தமிழகத்தின் நிலத்தையும் காற்றையும் ஒட்டி அமைந்த இப்பகுப்பு, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு, அதாவது கோலாலம்பூரும் அதைச் சூழ்ந்து கிள்ளான் வரை நீளும் நகரங்களும் அடங்கிய நிலப்பரப்பிற்குப் பொருந்துவதில்லை. வெப்பம் மிகுந்த மாதத்திற்கும் குறைந்த மாதத்திற்கும் இடையே சராசரியாக ஓரிரு டிகிரியே வேறுபடும் அந்நிலத்தில் கம்பளிக்கு வேலையே இல்லை. ஆயினும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிற்பகல் நான்கு மணிக்கு வானம் இருண்டு, இடியோடு மழை இறங்கும்போது, அங்கு வாழும் தமிழரின் மனம் பழைய பாடலையும் பழைய படத்தையும் சூடான ஒரு கோப்பைத் தேநீரையும் நாடுகிறது. குளிரே இல்லாத ஊரில் இந்தப் பனிக்கால மனம் எவ்வாறு உண்டாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மலேசியாவில் மெய்யான பனிக்காலம் ஒரு மரத்திற்குத்தான் வாய்த்தது. அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்டு, 1877இல் சிங்கப்பூர் வழியே மலாயாவுக்கு வந்த ரப்பர் மரம், தோட்டத் தமிழர் 'பால்மரம்' என்று அழைத்த அம்மரம், ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட வாரங்களில் இலைகளையெல்லாம் உதிர்த்து வெறுங்கிளையோடு நின்று, பிறகு தளிர்விடும். குளிர்நாட்டிலிருந்து வந்த தோட்டத் துரைமார் இதற்குத் தம் ஊர்ப் பருவத்தின் பெயரையே இட்டு 'விண்டரிங்' என்றனர். தளிர் முற்றும் வரை மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால், எடையைப் பார்த்துக் கிடைக்கும் வருமானமும் குறையும். ஆகவே மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களுக்குப் பனிக்காலம் உடம்பில் உறைத்த குளிராக வரவில்லை. மரத்தில் கட்டியிருந்த மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், பாதிகூட நிறையாமல் நின்றபோதுதான் அது வந்துவிட்டது தெரிந்தது.

மழையும் அவர்களுக்கு அத்தகையதே. பால் வெட்டு விடியுமுன்பே தொடங்கும் வேலை. குளிர்ந்த வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் தடையின்றி ஓடும். இரவு மழையில் பட்டை நனைந்துவிட்டால், பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்குக்கு இறங்காமல் பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகும். எனவே பெரட்டு என்னும் அதிகாலைப் பெயரழைப்பு நேரத்திலும் மழை விடவில்லையென்றால் அன்று வேலையில்லை, கூலியும் இல்லை. ஆனால், ஆண்டு முழுதும் இருட்டில் எழுந்து இருட்டு விலகுமுன் காட்டுக்குள் இறங்கிய தாய், பிள்ளைகள் கண்விழிக்கும்போது வீட்டில் இருந்ததும் அந்த நாளில்தான். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. இன்று மின்னல் எஃப்எம் என்றும் முன்பு வானொலி ஆறு என்றும் பெயர்பெற்ற தமிழ் ஒலிபரப்பு பகலிலேயே வீட்டில் ஒலித்தது. தகரக்கூரையில் மழை அறையும் ஓசைக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் வானொலியை முழுக்கத் திருக வேண்டும். அப்படித் திருகினால் பேட்டரி சீக்கிரம் தீரும். கூலியில்லாத வாரத்தில் புதுப் பேட்டரி ஒரு செலவு. ஆகையால் பெட்டியைச் சுற்றிக் காதைச் சேர்த்துவைத்துக் கேட்டார்கள்.

கவலை தீர்ந்த பிறகே மனிதர் சிறு இன்பங்களைத் துய்க்க முடியும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், மழைநாள் அக்கருத்தோடு ஒத்துப்போகவில்லை. கூலியைப் பறித்த மேகமே பாட்டையும் கொண்டுவந்தது. கேட்டவர்கள் அவ்விரண்டையும் ஒரே நேரத்தில் அறிந்திருந்தார்கள். இதைக் காட்டித் தோட்ட வாழ்வை இனிமையானது என்று சொல்வது அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதியாகும்; அவ்வறுமை ஒழியத்தக்கதாகவே இருந்தது. ஆனால் அவர்களுடைய மகிழ்ச்சியை அறியாமை என்றோ ஆறுதல் என்றோ குறைத்து மதிப்பதும் அநீதியே. நாளை என்ன செய்வது என்று தெரியாத தாய், பி. சுசீலாவின் குரல் மேலேறும் இடத்தில் கரண்டியை நிறுத்திக்கொண்டு நின்றது இசையைக் கேட்பதற்காகத்தான். நாளையை மறப்பதற்காக அவள் அப்படி நின்றாள் என்று கொள்வதற்கில்லை.

திரைப்படம் இம்மனநிலைக்கு வேறொன்றைச் சேர்த்தது. தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல் புல்லின் மேல் நிற்கும் துளியையும், காலையில் மரங்களிடையே தொங்கும் மூட்டத்தையும், மலைமுடியில் உறைந்து கிடக்கும் வெண்மையையும் குறிக்கும். பால் வெட்டுக்காரர் முதலிரண்டையும் நாள்தோறும் மிதித்தும் கடந்தும் அறிந்தவர். மூன்றாவதை வெள்ளித்திரைதான் காட்டியது. 1966இல் வந்த 'அன்பே வா' சிம்லாவின் மலைச் சாலைகளை வண்ணத்தில் காட்டிற்று; 1969இல் வந்த 'சிவந்த மண்' ஐரோப்பாவிற்கே சென்று படமாக்கப்பட்டது. இரண்டிற்கும் இசை எம்.எஸ். விஸ்வநாதன். தோட்டத்துத் திடலில் கட்டிய வெள்ளைத்துணியின் முன் பாயை விரித்து, கொசுவை விசிறிக்கொண்டு அமர்ந்திருந்தவர்கள் இத்தகைய படங்களில் கழுத்துவரை மூடிய உடையோடு காதலர் பாடுவதைப் பார்த்தபோது, குளிர் என்பது பாட்டோடு கூடியே வருவது என்று மனத்தில் பதிந்துவிட்டது. இன்றும் அப்பாடல்களின் முன்னிசை ஒலித்தவுடன் காற்று சற்றுத் தணிந்தது போலத் தோன்றுவது அப்பதிவின் தொடர்ச்சியே எனலாம்.

பக்தியும் இப்பனிக்கால மனத்திற்குத் தன் பங்கைச் செலுத்துகிறது. மார்கழி விடியலில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் போன்ற இடங்களில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை ஒலிக்கும் வழக்கம் உண்டு. பெருமாள் கோயில்களில் ஆண்டாளின் திருப்பாவை. குளிர்நீராடலைச் சொல்லித் துயில் எழுப்பும் இம்மரபுப் பாடல்களை, மின்விசிறி சுழலும் மண்டபத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாடுவதில் முரண் ஏதும் இல்லை. பருவம் பஞ்சாங்கத்திலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து செவிக்கும் வந்து சேர்கிறது. தோல் அதை உணராதது ஒரு குறையன்று. 1981இல் தோன்றி, பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் பெர்ஹாலாவில் இயங்கும் நுண்கலைக் கோயிலில் இசை பயிலும் பிள்ளைகளுக்கும் இந்த மாதம் இவ்வழியேதான் வந்து சேர்ந்திருக்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் தாமான்களும் எழுந்தபின், லயத்து மக்களின் பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் என்று சிதறினார்கள். விடுமுறை கிடைத்தால் அவர்கள் கேமரன் மலைக்குச் சென்று கம்பளிச் சட்டை அணிந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் மகிழ்ச்சியே. எனினும் அவர்களுக்கே உரிய பனிக்காலம் மலையில் இல்லை. கைப்பேசியில் எந்தப் பாடலும் எந்நேரமும் கிடைக்கும் இக்காலத்திலும், பெற்றோர் கேட்ட அதே பாடலை மழை பெய்யும்போதே தேடிப் போடுகிறார்கள் என்பதே அதற்குச் சான்று.

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில், பூமாலைக் கடைகளும் புடைவைக் கடைகளும் நெருங்கிய தெருவில், டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் நடப்போர் அனைவரும் அஞ்சடிக்கு, அதாவது கடை முகப்பை ஒட்டி ஓடும் மூடிய நடைபாதைக்கு ஒதுங்குவர். யாரும் எங்கும் போக முடியாது. வெந்து இறக்கிய வடையின் மணமும் நனைந்த மல்லிகையின் மணமும் ஒன்றாகக் கலக்கும். கடைக்காரர் மழையோசைக்கு மேல் கேட்கும்படி பாட்டின் ஒலியைக் கூட்டுவார்; தே தாரிக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் விரலால் கோப்பையிலேயே தாளமிடுவார். அரைமணி கழித்து மழை சட்டென்று விடும்போது, அந்தப் பாட்டு தெருவுக்கே கேட்கும்படி உரக்க ஒலிப்பது தெரியவரும். கடைக்காரர் கைநீட்டி ஒலியைக் குறைப்பார். முதியவரின் விரல் இன்னும் இரண்டு அட்சரம் தட்டி நிற்கும்.