ஐயாயிரம் பேரின் மௌனம்

அக்காவின் சுங்குடிச் சேலை இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரே இரவில் ஐயாயிரம் பேரை விலை கொடுத்து வாங்கியது நான்தான். அவளிடம் சொல்லாமல் செய்தேன். 2019ஆம் ஆண்டின் கடைசி அது. மதுரையில் வீட்டு முன்னறையில் ஒரு பழைய பீரோவை வைத்து அவள் வியாபாரம் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. பஸ் ஏறி சின்னாளபட்டிக்குப் போய், ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து எடுத்து வருவாள். இன்ஸ்டாகிராமில் படம் போடுவாள். பதினைந்து லைக் விழும். அதில் பத்து எங்கள் சொந்தக்காரர்களுடையது. வளரட்டும் என்ற ஆசையில்தான் பணம் கட்டினேன்.

மறுநாள் காலையில் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. புதிதாக வந்திருந்த கத்தரிப்பூ நிறச் சேலையை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் படமெடுத்துப் போட்டாள். மதியச் சோறு சாப்பிடும்போதும் ஃபோன் பக்கத்திலேயே இருந்தது. சாயங்காலம் வரை பதினான்கு லைக். "இத்தனை பேர் வந்து நிக்கிறாங்களே தம்பி, ஒருத்தர்கூட வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. சேலை நல்லா இல்லையோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. தன் கண்ணையும் கையையும் நம்பிச் சேலை எடுத்தவள், முதன்முதலாகத் தன் பொருளையே சந்தேகப்பட்டாள். பொய்க்கூட்டத்தால் பணம் போவது சிறிய நஷ்டம். அந்தக் கூட்டத்தின் மௌனத்தை நம் உழைப்பின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோமே, அது பெரிய நஷ்டம். இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "ஆளில்லாத கல்யாண மண்டபத்துல பொம்மையை உட்கார வச்சுட்டியேடா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பொம்மைகள் எங்கிருந்து வருகின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் டெவுமி என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி விரிவாக எழுதியது. ஏறத்தாழ 35 லட்சம் தானியங்கிக் கணக்குகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்ப விற்று, வாடிக்கையாளர்களுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பின்தொடர்பவர்களை அது கொடுத்திருந்தது. நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், அரசியல்வாதிகள் எல்லாம் வாங்கியிருந்தார்கள். உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடி உருவாக்கிய கணக்குகளும் அவற்றில் இருந்தன. ஒரே நிழலை ஆயிரம் பேருக்கு விற்ற கதை அது. 2019இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்து 25 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. நான் வாங்கிய ஐயாயிரமும் அப்படிப்பட்ட ஏதோ ஒரு கிடங்கிலிருந்து வந்த நிழல்கள்தாம்.

நிழல் சும்மா கிடந்தாலாவது பரவாயில்லை. அது வழியையும் அடைக்கும். நாம் போடும் படத்தை நம்மைப் பின்தொடரும் எல்லோருக்கும் இன்ஸ்டாகிராம் கொண்டுபோய்க் காட்டுவதில்லை. யார் எதற்கு நிற்பார்கள் என்று கணித்து வரிசைப்படுத்துகிறது. அதன் தலைவர் ஆடம் மொசேரி 2021 ஜூனில் இதை வெளிப்படையாகவே விளக்கினார்: ஒருவர் ஒரு பதிவில் சில நொடி நிற்பாரா, கருத்து எழுதுவாரா, லைக் போடுவாரா, சேமித்து வைப்பாரா, படம் போட்டவரின் முகப்படத்தைத் தொட்டு உள்ளே வருவாரா. அப்போது இந்த ஐந்தையும்தான் முக்கியமாகக் கணித்தார்கள். ஐயாயிரம் பேர் எதையும் தொடாமல் கிடந்தால், அந்தப் பக்கத்தில் தொடுவதற்கு ஒன்றுமில்லை என்றுதானே கணக்கு நினைக்கும்? உண்மையான ஐம்பது பேருக்குப் போக வேண்டியதும் போகாமல் நின்றுவிடும். அந்தப் பொய்க் கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்க எனக்குப் பல இரவுகள் பிடித்தன.

இன்னொரு தவறும் செய்தோம். பொங்கலுக்கு ஒரு சேலை இலவசம். பக்கத்தைப் பின்தொடர்ந்து மூன்று பேரை டேக் செய்தால் குலுக்கலில் சேரலாம் என்று அறிவித்தோம். இந்த முறை வந்தவர்கள் நிஜ மனிதர்கள். குலுக்கல் முடிந்த வாரமே பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சேலைக்கு வரச் சொன்னோம், வந்தார்கள். சேலை இல்லையென்று ஆனதும் போனார்கள். சேலையைப் பற்றி நாங்கள்தான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊரெல்லாம் செய்யும் ஒன்றை மட்டும் அக்கா கடைசி வரை செய்ய மறுத்தாள். விலையைப் போடாமல் 'விலை இன்பாக்ஸில்' என்று எழுதினால், கேட்டுக் கேட்டுக் கருத்துகள் குவியும், பக்கம் மேலே ஏறும் என்று எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அக்கா கேட்டாள்: "கடைக்கு வந்து விலை கேட்டா, பக்கத்துல வாங்க, காதுல சொல்றேன்னா சொல்லுவோம்?" அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் கீழும் முதல் வரி விலைதான். கருத்துகள் குறைந்தன. குறைந்தால் குறையட்டும் என்றாள். அவள் செய்தது சரி என்று இன்றைக்கும் நான் உறுதியாகச் சொல்வேன். வாங்க முடியுமா முடியாதா என்று தெரியாமல் ஒரு பெண்ணைக் கேட்க வைப்பதில் ஒரு சிறுமை இருக்கிறது. அந்தச் சிறுமையிலிருந்து பிறக்கும் சலசலப்பை ஈடுபாடு என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. தறி நின்றது, சாயப்பட்டறை நின்றது, கூரியர் நின்றது. பீரோவில் நாற்பது சேலை. அனுப்ப வழியில்லை. விற்க எதுவும் இல்லாத அந்த நாட்களில்தான் அக்கா பேசத் தொடங்கினாள்.

முதல் வீடியோவில் அவள் விற்கவேயில்லை. தன் பழைய சுங்குடியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டாள். "முதல் தடவை நனைக்கும்போது சாயம் போகும்மா. போகாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு கைப்பிடி கல் உப்பு போட்ட தண்ணியில தனியா ஊற வைங்க. மத்த துணியோட சேர்த்துடாதீங்க. நிழல்ல காயப் போடுங்க." இவ்வளவுதான். தன் பொருளின் குறையைத் தன் வாயால் சொன்னாள். அதற்கு வந்ததைப் போல அதுவரை எதற்கும் பதில் வந்ததில்லை. ஒருத்தி தன் அம்மாவின் சேலையைப் படமெடுத்து அனுப்பி இது கையால் முடிச்சுப் போட்டதா என்று கேட்டாள். அதற்கு அடுத்த வீடியோ. நூலால் துணியைக் கிள்ளிக் கிள்ளி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி விழும். கையால் போட்ட புள்ளி ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அச்சில் விழுந்தது எல்லாம் ஒரே அளவில் இருக்கும். மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் அச்சிலும் வருவதே இன்று அதிகம் என்பதையும், தன் பீரோவில் இருப்பதில் எது எது அச்சு என்பதையும் எடுத்துக் காட்டினாள். மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்ற துணி. ஆனால் அந்தப் பெருமையைவிட, புள்ளியைத் தடவிப் பார்க்கத் தெரிந்ததுதான் அந்தப் பெண்களுக்குப் பெரிதாக இருந்தது.

காய்கறிக் கடையில் எடை போட்டுக் காசு வாங்கியபின் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பைக்குள் போடுவார்களே, அந்தக் கொசுறு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கொசுறுக்கு விலை இல்லை, ஆனால் மதிப்பு உண்டு. நம் வீட்டில் தாளிக்க இது வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அந்த மதிப்பு. அக்கா அந்த மாதங்களில் கொடுத்ததெல்லாம் கொசுறு.

கூரியர் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அந்தக் கொசுறு நிற்கவில்லை. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் சேதத்துக்கு மாற்றுத் தருவோம் என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். ஏமாந்தவர்கள் போட்ட சட்டம் என்பதால் நான் அதைப் பழிக்க மாட்டேன். அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வீடியோ எடுக்க மறந்த ஒரு வயதான அம்மா, முந்தானையில் கிழிசல் என்று அழாத குறையாகப் பேசியபோது, அக்கா வேறு சேலை அனுப்பினாள். "அவங்க பொய் சொல்லியிருந்தா எனக்கு எண்ணூறு ரூபா நஷ்டம். நிஜம் சொல்லியிருந்து நான் நம்பாம போனா?" என்றாள்.

அந்த ஆண்டு ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக் அதில் ஒன்று. இந்தியாவில் அதற்கு ஏறத்தாழ 20 கோடிப் பயனர்கள் இருந்ததாகச் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்த வளையல் வியாபாரி ஒருவர் டிக்டாக்கில் மட்டுமே கூட்டம் சேர்த்திருந்தார். காலையில் எழுந்தபோது அவர் கூட்டம் இல்லை. அவர்களில் ஒருவருடைய பெயரும் எண்ணும் அவரிடம் கிடையாது. "எல்லாரும் எங்கேயோ இருக்காங்க. எங்கேன்னுதான் தெரியலை" என்று அவர் சொன்னது சாவு வீட்டில் கேட்கும் குரலைப் போல இருந்தது. பின்தொடர்பவர்கள் நம் சொத்து என்று பேசுவதை அன்றோடு நான் நிறுத்தினேன். அடுத்தவர் மனையில் கடை போட்டிருக்கிறோம். மனைக்காரர் கதவைச் சாத்தினால் வாசலில் நின்றவர்கள் எந்தத் தெருவில் வீடு உள்ளவர்கள் என்றாவது நமக்குத் தெரிய வேண்டும்.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது, மளிகைக் கடைக் கணக்கு நோட்டு. பெயர், ஊர், எண், பக்கத்தில் ஒரு வரி. 'மகளுக்குத் தலைப்பிரசவம், கஞ்சி மொடமொடப்பு ஆகாது.' 'பச்சை பிடிக்காது, கேட்கக் கூடாது.' 'பள்ளிக்கூட டீச்சர், வெள்ளிக்கிழமை மட்டும் பேசுவார்.' 'பேரனுக்கு அடிக்கடி காய்ச்சல்.' அதே ஆட்களைப் பற்றி இன்ஸ்டாகிராமும் எங்களுக்கு ஒரு பக்கம் காட்டுகிறது: எந்த ஊர், எந்த வயது, எந்த மணிக்கு விழித்திருக்கிறார்கள். அது பொய்யில்லை, பயன்படுத்தியும் இருக்கிறோம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு மாலையில் எனக்குத் திருக்குறளின் அதிகார வரிசை நினைவுக்கு வந்தது.

58ஆம் அதிகாரத்துக்குப் பெயர் கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லை ஒரு விஷயத்தைப் பார்க்கும் கோணம் என்ற பொருளில் எழுதுகிறோம். வள்ளுவர் சொன்னது வேறு: ஒருவரைக் கண்டதும் கண்ணில் ஓடிவரும் பரிவு, முகம் பார்த்தபின் கடுமை காட்ட முடியாத மனம். அரசனுக்குச் சொல்லும் பகுதியில் அதை வைத்தார். அடுத்த அதிகாரம் ஒற்றாடல். வேவு பார்த்தல். இரண்டும் பார்ப்பதைப் பற்றியவைதான். இரண்டும் ஆள்பவனுக்குத் தேவைதான். ஆனால் முதலில் கண்ணோட்டம் வருகிறது. நம் காலத்தின் வியாபாரம் ஒற்றாடலை வெகு நுட்பமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. விரல் எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது என்று அதற்குத் தெரியும். நின்றவருக்கு அன்று உடம்புக்கு முடியவில்லை என்பது தெரியாது.

எத்தனை பேர் நம்மைப் பார்க்கிறார்கள் என்றே ஒரு வருடம் முழுக்க நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாம் எத்தனை பேரைப் பார்க்கிறோம் என்று எண்ணியவள் அக்கா. கூட்டம் அவளைத் தேடி வந்தது அதனால்தான் என்று நான் நம்புகிறேன். பார்க்கப்பட்டவர்கள்தாம் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரிய எண்களுக்கும் இது பொருந்தும் என்றே தோன்றுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் தமிழில் முதன்முதலாக 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. வயல்வெளிச் சமையலை எத்தனையோ பேர் படமெடுக்கிறார்கள். இவர்கள் வீடியோவில் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடும் பெரியவர்களின் முகங்களும் இருக்கும். அந்த முகங்களுக்காகவே நான் கடைசி வரை பார்ப்பேன்.

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம். இரவு ஒன்பதரைக்கு லைவ் வருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அறுபது புதுச் சேலைகளை மடித்து அடுக்கி, விளக்கைச் சரிசெய்து உட்கார்ந்தால், இன்ஸ்டாகிராம் திறக்கவில்லை. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எதுவும் இல்லை. நெட் பிரச்சினை என்று ஃபோனை அணைத்து அணைத்துப் போட்டாள். உலகம் முழுக்க நின்றுவிட்டது என்று பிறகு டிவியில் சொன்னார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் அது திரும்பவில்லை.

அக்கா நீள நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் யார் விழித்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சாதாரணமாக நம்பரை அடித்துக் கூப்பிட்டாள். "நான்தாம்மா, சுங்குடி அக்கா. லைவ் வரும்னு உட்கார்ந்திருக்காதீங்க, படுங்க. உங்களுக்குப் பிடிச்ச மாம்பழக் கலர் ஒண்ணு வந்திருக்கு, எடுத்து வச்சிருக்கேன்." வெளிநாட்டில் இருப்பவர்களை வாட்ஸ்அப் இல்லாமல் கூப்பிட வழியில்லை, அவர்கள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனாள். பத்தரை மணிக்கு ஒரு அழைப்பு நீண்டது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், இடையில் இரண்டு முறை சிரித்தாள், சேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வைத்தபின் நோட்டில் அந்தப் பெயரைத் தேடி, பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'பேரனுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. நடக்கிறான்.'