சோர்வும் சோம்பலும்

ஜுரத்தை அளக்கத் தெர்மாமீட்டர் உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. சரீரச் சோர்வை அளக்க என்ன உண்டு? நெடுநாள் வியாதியஸ்தர் பலருக்கு மற்ற உபாதைகளைவிடச் சோர்வே பெரிய பாரம். ஆயினும் அது வெளியே தெரிவதில்லை. "முகம் வாடவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறார், வேலைக்கு மட்டும் எழுந்திருப்பதில்லை" என்று வீட்டாரே அவரைச் சோம்பேறியாகத் தீர்ப்பிட்டு விடுகிறார்கள். இது நியாயமா?

முதலில் இரண்டையும் பகுத்தறிய வேண்டும். சோம்பல் என்பது செய்யக்கூடியதைச் செய்ய மனமில்லாமை; அது சித்தத்தின் குறை. நோயின் சோர்வோ, மனமிருந்தும் சரீரம் இணங்காமை. முன்னது குற்றம், பின்னது குற்றமன்று. வெளிப்பார்வைக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

வைத்தியர்கள் இச்சோர்வை எவ்வாறு அளக்கிறார்கள்? 1989-ம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் வைத்தியரான லாரன் கிரப் என்னும் பெண்மணியும் அவருடன் உழைத்தவர்களும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், லூப்பஸ் என்னும் இரு நெடுநாள் நோய்கள் உள்ளவர்களிடம் அதைச் சோதித்தார்கள். அதில் இருப்பவை 9 வாக்கியங்களே. சோர்வினால் உடலுழைப்பு தடைப்படுகிறதா, கடமைகளைச் செய்ய இயலாமற் போகிறதா, குடும்ப வாழ்வு பாதிக்கப்படுகிறதா என்பன போன்றவற்றை அவை விசாரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நோயாளி 1 முதல் 7 வரை ஓர் எண் இடுகிறார். சராசரி 4 அல்லது அதற்கு மேல் வந்தால் சோர்வு கடுமையானது என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், கருவிகளை நம்பும் விஞ்ஞானமே இவ்விஷயத்தில் நோயாளியின் சொல்லை அளவாக ஏற்றுக்கொள்கிறது. அவருடைய சோர்வுக்கு அவரைத் தவிர வேறு நேர்சாட்சி இல்லை.

"அவர் மிகைப்படுத்திச் சொன்னால்?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சொல்லக்கூடும். அப்படி ஏமாந்தால் நமக்கு நஷ்டம் சில நாள் வேலை. ஆனால் உண்மை சொல்பவரை நம்ப மறுத்தால், நோயோடு அவமானத்தையும் அவர்மேல் சுமத்துகிறோம். அவரும் சோர்வை மறைத்து, சக்திக்கு மீறி உழைத்து, படுக்கையில் விழ நேரிடும். இவ்விரண்டு தவறுகளும் சமமல்ல. ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளியாக்குவது நீதிக்கு விரோதம்.

ஆகையால் குடும்பத்தாரே, "இன்னும் ஏன் எழுந்திருக்கவில்லை?" என்று கேட்பதை விடுங்கள். "இன்று எதுவரை முடிந்தது? மீதியில் எதை நான் செய்யட்டும்?" என்று கேளுங்கள். நோயாளியும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைச் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் சொன்னபின் அதை நம்புவது உங்கள் கடமை.